நங்கூரம் விற்பவள் திண்டிவனம் போன கதை

நங்கூரம் என்ற சொல்லை விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை சொல்லிக்கொண்டே இருப்பவள் நான். எங்கள் கடை தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது. கயிறு, சங்கிலி, மிதவை, நங்கூரம் எல்லாம் கிடைக்கும். நங்கூரத்தை எடை போட்டுத்தான் விற்போம். என் வீட்டுக்காரர் தராசுப் பக்கம், நான் வாய்ப் பக்கம். கடலடியில் கிடக்கிற ஒரு சாமான் என்பதைத் தவிர அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அது தெரிய, கடல் கண்ணில் படாத ஓர் ஊருக்கு நான் போக வேண்டியிருந்தது.

தூத்துக்குடிக்காரிக்குக் கொழும்பெல்லாம் பக்கத்து வீடு. விழுப்புரம்தான் வெளிநாடு. பாஸ்போர்ட் கேட்கவில்லை என்பதால் மட்டும் அது உள்நாடு ஆகிவிடாது.

விஷயம் இதுதான். என் தம்பி அமலன் கப்பலில் வேலை பார்க்கிறவன். ஒருமுறை சென்னைத் துறைமுகத்தில் கயிறு அறுந்து அடித்ததில் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அங்கே அவனைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஸ்டெல்லா. திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பெண். கை கூடிவிட்டது. கல்யாணம்தான் கூடவில்லை. நாங்களும் வேதக்காரர்கள், அவர்களும் வேதக்காரர்கள், ஒரே கத்தோலிக்கச் சபை, பங்குச் சாமியார் பக்கம் தடையில்லை. தடை ஸ்டெல்லாவின் அப்பா அருளப்பனுடைய ஒரே ஒரு வாக்கியத்தில் இருந்தது. “எங்க அண்ணன் வாயத் தொறந்து சரின்னு சொல்லட்டும், அப்பால சாமியாருகிட்ட பேரு குடுக்கறேன்.” அந்த அண்ணன் சூசைநாதன், அருளப்பனோடு பேசியே பல வருடம் ஆகிறது. இருவருக்கும் ஒரே தெரு, எதிரெதிர் வாசல்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் பேரைக் கூப்பிடுவார்கள். சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம், கல்யாணம் கிடையாது. அதற்கு மூன்று ஞாயிறுதான் மிச்சம் இருந்தது. இந்த ஞாயிறு ஓலை போகாவிட்டால் அமலன் லீவு தீர்ந்து கப்பல் ஏறிவிடுவான், திரும்பிவர வருடம் ஒன்றாகும். அதற்குள் விழுப்புரத்தில் ஒரு சொந்தக்காரப் பையனுக்கு ஸ்டெல்லாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அமலன் போன் பண்ணி, “நீ போய்ப் பேசுக்கா” என்று அழுதான். கடோத்கஜன் மாதிரி இருக்கிற ஆள், குழந்தை போல அழுதான். நங்கூரம் விற்கிற வாயால் ஒரு மாப்பிள்ளையை விற்க முடியாதா என்று பெட்டியைத் தூக்கினேன்.

வியாழக்கிழமை காலை விழுப்புரம் ஜங்ஷன். பிளாட்பாரத்தில் ஒரே ஒரு பெஞ்சு காலி மாதிரி தெரிந்தது. கிட்டே போனால் ஒருத்தர் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு நீட்டிப் படுத்திருந்தார். எழுப்பலாமா என்று நான் தயங்கியதைப் பார்த்து, அந்தப் பக்கம் போன போர்ட்டர், “அவரு நங்கூரம் போட்டுக்கினாரும்மா, பத்து மணி வரிக்கும் எய்ந்திருக்க மாட்டாரு. நீங்க அப்பிடிக்கா போயி உக்காருங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் படுத்துக் கிடக்கிறவனைச் சோம்பேறி என்றுதான் சொல்வோம். நங்கூரத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்க எங்களுக்குத் தோன்றியதில்லை.

வெளியே ஒரு கடையில் இட்லியும் வடகறியும். வடகறி என்றதும் நான் வடையைத் தேடினேன். அது மிஞ்சின வடை இல்லையாம், பருப்பை அரைத்து வேகவைத்து உதிர்த்துச் செய்வதாம். கடைக்கார அம்மாள் எனக்கு விளக்கிக்கொண்டே இரண்டாம் தடவை ஊற்றினாள். நன்றாகத்தான் இருந்தது. தேங்காய்ச் சட்னியில் மட்டும் தண்ணீரை எங்கள் ஊர்க் கஞ்சர்கள் மாதிரி ஊற்றியிருந்தார்கள்.

திண்டிவனம் பஸ்ஸில் சன்னல் சீட் கிடைத்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். பாதி வழியில், சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை (அங்கே நிலக்கடலைக்கு அதுதான் பேர்) தவிர ஒன்றும் இல்லாத இடத்தில், வண்டி இருமிவிட்டு நின்றது. கண்டக்டர் கொஞ்சமும் பதறவில்லை. “வண்டி நங்கூரம் போட்ருச்சு. ஆம்பளைங்கல்லாம் எறங்கி ஒரு கை குடுங்க, ஜல்தியா.” ஆம்பளைகள் இறங்கினார்கள். பெண்கள் சன்னல் வழியே தள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். முன் சீட்டு அம்மா ஒருத்தி, “ஏ பச்ச சட்ட, நீ தள்றியா, வண்டி மேல சாஞ்சிக்கினு கீறியா?” என்று கத்தினாள். எங்கள் ஊரில் இப்படித் தள்ளச் சொன்னால் முதலில் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்போம். இங்கே தள்ளிவிட்டு, ஓடிவந்து ஏறி, தள்ளினதற்காக ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

திண்டிவனத்தில் அடுத்த வண்டிக்குக் காத்திருந்த டீக்கடையில் டி.வி. ஓடியது. ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு யாரோ போன் செய்தவரிடம் “உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். டீ ஆற்றுகிறவர் பெருமையாக, “எங்க பக்கத்து ஊரு பொண்ணு, ஆங்கரா பூடுச்சி” என்றார். நான் வெகுளியாக, “ஆங்கர்னா நங்கூரம்லா, அண்ணாச்சி?” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அதுக்கு ஏம்மா நங்கூரம்? அதும் பாட்டுக்கு நிக்காம பேசிக்கினே இருக்குது.” அதுவும் சரிதான். பக்கத்து இரும்புக் கடையில் ஒரு கொத்தனார் ஆங்கர் போல்ட் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தேன்.

மாலையில் அருளப்பன் வீடு. நல்ல மனுஷர். வாங்கம்மா, வாங்கம்மா என்று பத்துத் தடவை சொன்னார், உட்காரச் சொல்ல மறந்துவிட்டார். அவர் மனைவி மதலேனம்மாதான் நாற்காலியைப் போட்டாள். கடற்கரைக்காரி வந்திருக்கிறாளே என்று எனக்காக மீன் வாங்கியிருந்தார்கள், ஏரி மீன். அது சதை கொஞ்சமும் முள் நிறையவுமாக வளர்ந்த ஜாதி. அடுப்படியிலிருந்து கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் மணந்தன. அது அவர்களுக்காம், எனக்குக் கிடையாதாம். மாப்பிள்ளை வீட்டு மரியாதையைக் காப்பாற்ற நான் ஒவ்வொரு முள்ளாக எடுத்துவைத்துச் சாப்பிட்டேன்.

சாப்பிடும்போதுதான் சண்டைக்குக் காரணம் தெரிந்தது. நிலமோ நகையோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் இல்லை. ஸ்டெல்லாவின் தங்கைக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதல் நற்கருணை வாங்குகிற விசேஷம், வைத்தபோது பத்திரிகை அடித்திருக்கிறார்கள். அழைக்கிறவர்கள் வரிசையில் பெரியப்பா பேர் விட்டுப்போயிற்று. அச்சாபீஸ்காரர் விட்டாரா, அருளப்பன் சொல்ல மறந்தாரா என்பது இன்றுவரை தெரியாது. சூசைநாதன் பந்தலில் உட்கார்ந்து, இலை போட்ட பிறகு, பத்திரிகையைப் படித்தார். எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார், சாப்பிடாமலே.

“நானு கால்ல வுழுந்தேம்மா. எய்ந்து போன்னுட்டாரு” என்றார் அருளப்பன். “ஆனா அவரு இல்லாம எம் பொண்ண குடுக்க எனுக்கு மனசு வரல. எங்கப்பா செத்தப்பறம் என்ன படிக்க வச்சவரு அவருதான்.” லீவில் வந்திருந்த ஸ்டெல்லா தட்டைப் பார்த்துக்கொண்டே களியை உருட்டிக்கொண்டிருந்தாள். விழுங்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டெல்லா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். பீடத்துக்குப் பின் சுவரில் சிலுவை, இருதயம், நங்கூரம் மூன்றும் வரைந்திருந்தார்கள். விசுவாசம், அன்பு, நம்பிக்கை. வரைந்தவர் நங்கூரத்தைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. கயிற்றை வளையத்தில் கட்டாமல் கீழே கொக்கி பிரிகிற இடத்தில் கட்டியிருந்தார். நான் முழந்தாளிட்டு ஜெபிக்கப் பார்த்தேன், கண் அங்கேயே போயிற்று. இப்படிக் கட்டினால் தரை பிடிக்காது, இழுத்துக்கொண்டு போய்விடும். “இன்னாக்கா பாக்கறீங்க?” என்றாள். “ஒண்ணுமில்ல தாயி, நம்பிக்கையைப் பாக்கேன்” என்றேன்.

அங்கிருந்து நேராக சூசைநாதன் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். மனுஷர் மரியாதையில் குறை வைக்கவில்லை. மோர் வந்தது, வெல்லம் வந்தது, அவித்த மல்லாட்டை ஒரு முறம் வந்தது. நான் அமலன் புராணத்தை ஆரம்பித்தேன். குடிக்க மாட்டான், அம்மாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்புவான், நீச்சல் தெரியும் என்று என்னவெல்லாமோ சொன்னேன். அவர் உரித்த பருப்பைத் தனியே, தோலைத் தனியே போட்டுக்கொண்டு கேட்டார்.

“கப்பக்காரங்க எந்தெந்த ஊர்ல நங்கூரம் போட்டு வச்சிருப்பாங்களோ, யாருக்கும்மா தெரியும்?”

“எங்க போட்டாலும் எடுத்துட்டு வந்துருவான், அண்ணாச்சி. விட்டுட்டு வந்தா கப்பல்காரன் சம்பளத்துல பிடிப்பான்.”

சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். உதடு லேசாக அசைந்தது, அவ்வளவுதான். “நல்ல பையனாத்தான் இருப்பான். ஆனா என்னாண்ட ஏம்மா கேக்கறீங்க? பத்திரிகையில பேரு இல்லாதவன் நானு. எம் பேச்சு எந்த அம்பலத்துல ஏறும்?” என்றார். அதற்குமேல் நான் பேசினதெல்லாம் மல்லாட்டைத் தோலோடு போயிற்று. திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் அருளப்பன் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை. அன்று சாயங்காலத்துக்குள் சாமியாரிடம் பேர் கொடுக்க வேண்டும். அருளப்பன் மாட்டுக்குத் தண்ணீர் வைத்த தொட்டியிலேயே மறுபடி தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சும்மா உட்கார்ந்து தின்ன வெட்கமாக இருந்தது. மதலேனம்மாவின் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கிணற்றுக்குப் போனேன்.

அங்கேதான் எனக்குக் கொழுப்பு ஏறியது. குடத்தில் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்து, “இது என்ன தாயி முடிச்சு? நான் போடுதேன் பாரு, கப்பலையே இழுக்கும்” என்று கூட வந்த ஸ்டெல்லாவிடம் சொல்லி, அவிழ்த்து, என் முடிச்சைப் போட்டேன். புது நைலான் கயிறு. குடம் நிறைந்து பாதி மேலே வந்தது. பிறகு கயிறு மட்டும் லேசாக வந்தது. கீழே தொப்பென்று ஒரு சத்தம். கயிறு விற்றே பிழைக்கிறவளின் மானம் அன்று மல்லாட்டைக் கொல்லைக்கு நடுவே கப்பலேறியது.

“அய்யோ, அது எங்கம்மா வூட்டு சீரு” என்று சத்தம் கேட்டு ஓடிவந்த மதலேனம்மா மாரில் கை வைத்தாள். நான் செய்ததை நானே சரிசெய்கிறேன் என்று தெருவுக்கு ஓடினேன். பாதாளக் கரண்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். கிணற்றில் விழுந்ததைத் துழாவி எடுக்கிற சாமான் அது. ஒரு வளையத்தில் கொத்தாக இரும்புக் கொக்கிகள் தொங்கும். எங்கள் கடை நங்கூரத்தின் கடைக்குட்டி என்று சொல்லலாம். வீடு வீடாகக் கேட்டதில் தெருவுக்கே ஒன்றுதான் இருந்தது, சூசைநாதன் மாட்டுக் கொட்டகையில். போனேன். கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். முதலில் எடுப்போம், அப்புறம் சொல்வோம்.

அருளப்பன் அதை என் கையில் பார்த்ததும் வெளிறிப்போனார். “எங்கண்ணன் வூட்டுதா? ஈடு இன்னா வச்சீங்க?”

“ஈடா? ஒண்ணும் வைக்கலையே.”

மதலேனம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அப்போதுதான் எனக்குச் சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் பாதாளக் கரண்டியைச் சும்மா வாங்கக்கூடாது. ஒரு சொம்போ தவலையோ, ஏதாவது ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்த வீடும் வாங்கின வீடும் அப்புறம் முகத்தில் முழிக்காது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இப்ப மட்டும் ரெண்டு வீடும் மடியில தூக்கி வச்சுக் கொஞ்சிக்கிட்டா இருக்கு?” என்றேன். ஸ்டெல்லா அந்தக் கவலையிலும் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அருளப்பன் வேறு வழியில்லாமல் கொக்கியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அது பாசியைப் பிடித்தது, ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்தது, குடத்தைப் பிடிக்கவில்லை. அதற்குள் வேலிப் படல் கதவுக்கு வெளியே குரல் கேட்டது. “எவ அது, ஈடு வைக்காம கரண்டிய தூக்கிக்கினு வந்தது?”

சூசைநாதன். தோளில் துண்டு, முகம் சிவந்திருந்தது. ஆனால் கால் படலைத் தாண்டவில்லை. அங்கேயே நின்றார். நான் கிட்டே போய், “நாந்தான் அண்ணாச்சி, ஊரு வழக்கம் தெரியாது” என்றேன். அவர் கண் என்னைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போயிற்று.

“அவன அப்பிடி கவுத்த ஆட்ட வேணாம்னு சொல்லும்மா. தண்ணி கலங்கிப்பூடும்.”

நான் திரும்பிப் பார்த்தேன். அருளப்பனுக்கு அவர் பத்தடி தூரம். “ஆட்ட வேணாமாம்” என்றேன்.

“காதுல வுழுந்துச்சுன்னு சொல்லுங்கம்மா” என்றார் அருளப்பன், கிணற்றைப் பார்த்துக்கொண்டே.

“கெழக்கால எறக்கச் சொல்லு. அந்தாண்டதான் பள்ளம்.”

“கெழக்காலயாம்.”

“அங்க கல்லு இருக்குது, மாட்டிக்கும்னு சொல்லுங்க.”

“கல்லு இருக்காம், அண்ணாச்சி.”

“கல்லு மேக்கால! எத்தினி வருசமா இந்தக் கெணத்துல எறங்கறான், இன்னும் கல்லு எங்கன்னு தெரியல. பேஜாரு புடிச்சவன்!” என்று கத்திக்கொண்டே அந்த மனுஷர் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தது அவருக்கே தெரியவில்லை. கிணற்றடியில் நின்று தம்பி கையிலிருந்த கயிற்றை வாங்கினார். தூது வேலை போனதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு துழாவினார்கள். பிறகு கயிறு கனத்தது. “புட்ச்சிக்கிச்சு” என்றார் பெரியவர். சின்னவர், “மெல்லமா, அண்ணே” என்றார்.

அண்ணே என்றதும் பெரியவர் கை ஒரு நொடி நின்றது. அப்புறம் இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். குடம் வயிற்றில் ஒரு சொட்டையோடு மேலே வந்தது. மதலேனம்மா வாங்கப் போனாள். சூசைநாதன் கொடுக்கவில்லை. தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, துண்டால் துடைத்தார்.

“ஈடு?” என்றார்.

அருளப்பன் கயிற்றைக் கீழே போட்டார். “உனுக்கு எது வேணுமோ எடுத்துக்க அண்ணே. எல்லாம் உன்துதான்.”

பெரியவர் அந்தக் குடத்தையே தோளில் வைத்துக்கொண்டு படலைப் பார்த்து நடந்தார். கொக்கி கிணற்று மேடையில் கிடந்தது. நான் பெரிய புத்திசாலி மாதிரி, “அண்ணாச்சி, கரண்டிய விட்டுட்டுப் போறீங்களே, குடந்தான் எடுத்தாச்சே” என்றேன்.

அவர் திரும்பவில்லை. “அது இங்கியே கெடக்கட்டும்மா. கல்யாணத்துக்கு அம்பது பொம்பளைங்க தண்ணி சேந்துவாளுங்க. எத்தினி குடம் உள்ள வுழும்னு யாரு கண்டது?”

யாருக்கும் உடனே புரியவில்லை. மதலேனம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. “கல்யாணத்துக்குன்னாருடி! கேட்டியா? கல்யாணத்துக்குன்னாரு!” என்று ஸ்டெல்லாவைப் பிடித்து உலுக்கினாள். ஸ்டெல்லா கிணற்றடிச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. அருளப்பன் வேட்டி சொட்டச் சொட்ட, சட்டையை உள்பக்கம் வெளியாக மாட்டிக்கொண்டு சாமியார் வீட்டைப் பார்த்து ஓடினார். மறுநாள் பூசையில் என் தம்பி பேரையும் ஸ்டெல்லா பேரையும் சேர்த்துக் கூப்பிட்டபோது, பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்து, தடை சொல்ல யாராவது வாயைத் திறக்கிறார்களா என்று சுற்றிலும் முறைத்துப் பார்த்தார்.

சில வருடங்களுக்கு முன் அமலன் பிள்ளைகளோடு மறுபடி அங்கே போனேன். கிணற்றில் தண்ணீர் இல்லை. போர்வெல் போட்டு, குழாய் இழுத்துவிட்டார்கள். குடம் விழுவதற்கு வழியே இல்லை. ஆனாலும் கொக்கி அருளப்பன் வீட்டு ஆணியிலேயே தொங்கியது. குடம் பெரியவர் வீட்டு அடுப்படியில் இருந்தது. “இன்னுமா மாத்திக்கல?” என்று கேட்டுவிட்டேன். சூசைநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னாம்மா பேசற நீ? ஈட்ட திருப்பிக் குடுத்துட்டா கணக்கு தீந்துபூடும். அப்பால எனக்கும் அவனுக்கும் நடுவுல இன்னா இருக்குது?” என்றார். சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தெருவைக் கடந்து, தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.